கூழ்ப்பானையடியில் கேட்கப்படும் இரண்டு கேள்விகள்: குருநகரை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

1. ஆய்வின் தேவை

மனிதர் தம் மதிப்பை யார் வாயிலிருந்து அறிகிறார்கள் என்ற வினாவை அறிஞர்கள் அரசவையிலும் மேடையிலும் வைத்து ஆராய்ந்துவிட்டார்கள். கூழ்ப்பானையடி மட்டும் மிச்சமாகக் கிடக்கிறது.

2. களம்

யாழ்ப்பாண நகரின் தென்விளிம்பில், கடல்நீரேரியைத் தொட்டுக் கிடக்கும் மீனவர் ஊர் குருநகர். பழைய பெயர் கரையூர். இங்கு ஒடியற்கூழ் காய்ச்சுவது கூடித் தின்பவர்களின் கலை. மீன்தலை, நண்டு, றால், பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை எல்லாம் அவிந்ததும், ஊறவைத்துத் தண்ணீர் வடித்த ஒடியல் மாவை, அதாவது காயவைத்த பனங்கிழங்கின் மாவை, கரைத்து ஊற்றுவார்கள். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேரும். அப்போது முதலாவது கேள்வி பிறக்கிறது: "மச்சான், உப்புக் காணுமோ பார்."

3. முதலாவது கேள்வி

இதில் குற்றமில்லை. நண்டும் றாலும் தம் பங்குக்கு உப்பு விடும். புளியும் உறைப்பும் அதை மறைக்கும். திரும்பத் திரும்ப ருசி பார்த்த நாக்கு உப்புக்குப் பழகி மரத்துப்போகும். ஆகவே அயல் நாக்கு ஒன்று தேவை. "காணாது" என்றால் ஒரு பிடி போடலாம். காய்ச்சினவரின் மானம் பானைக்குள் விழுவதில்லை.

4. இரண்டாவது கேள்வி

கூழ் பனையோலைப் பிளாவில் வார்த்தாயிற்று. அகப்பை பானையின் அடியில் தட்டுகிறது. இப்போது காய்ச்சினவர் கேட்கிறார்: "எப்பிடிக் கூழ்?"

பிளாவிலும் உப்புப் போடலாமே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அவர் உப்பை எண்ணியிருந்தால் உப்புச் சிரட்டையோடு வந்திருப்பார்; வெறுங்கையோடு நிற்கிறார். இக்கேள்வி கூழைப் பற்றியதல்ல என்பதற்கு அதுவே சான்று.

5. விடைகளின் வகைப்பாடு

அ. வாயில் வைக்குமுன்னமே "அந்த மாதிரி!" என்பது. இது மரியாதை, தரவாகக் கொள்ளத்தக்கதல்ல.

ஆ. "பரவாயில்லை." கேட்டவரின் அன்றைய நித்திரையைக் கெடுக்க இது போதும்.

இ. "எங்கட அம்மா வைச்சா..." இது ஒப்பியல் ஆய்வு. மறுதரப்பு இப்போது காய்ச்சுவதில்லை என்பதால் தோற்கடிக்க முடியாதது.

ஈ. பேசாமல் பிளாவை மறுபடி நீட்டுவது. மிக வலுவான சான்று. ஆனால் "எப்பிடி?" என்று காத்திருப்பவரின் காதில் இது விழுவதேயில்லை.

6. கோட்பாடு

தத்துவஞானி அடம் சிமித் 1759இல் வெளியிட்ட நூலில், புகழப்படுவதும் புகழுக்குத் தகுதியாக இருப்பதும் வேறுவேறு என்று காட்டினார். அவரும் கிர்க்கால்டி என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். ஒடியற்கூழ் குடித்ததற்கு மட்டும் சான்றில்லை. உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் சுயமதிப்புக்கு ஒரு சூத்திரமே எழுதினார்: அடைந்த வெற்றியை, கொண்ட எதிர்பார்ப்பால் வகுத்து வருவது. குருநகரில் இது நடைமுறையில் உண்டு. வார்க்கும்போதே "அவசரத்தில வைச்சது, பெரிசா ஒண்டுமில்லை" என்பவர் வகுக்கும் எண்ணைத் தந்திரமாகக் குறைக்கிறார்.

7. முடிவு

இரண்டு கேள்விகளையும் பிரிப்பது அடுப்பு. பானையை இறக்குமுன் கேட்டால் அறிவு. இறக்கியபின் கேட்டால் பசி, அதுவும் கூழால் ஆறாத பசி. பாராட்டு வந்தால் வாங்கிக்கொள்ளலாம், அதை நம்பி உலை வைக்கக்கூடாது. தேர்ந்த கை இரண்டாவது கேள்வியைக் கேட்பதில்லை. தனக்கும் ஒரு பிளா வார்த்து, மற்றவர்களோடு குந்தியிருந்து குடிக்கிறது. நல்லாயிருந்தால் அதற்கே தெரியும். பிழைத்திருந்தால் அதற்குத்தான் முதலில் தெரியும்.

8. வாசகருக்கு

இக்கட்டுரை எப்படி என்று ஆய்வாளர் கேட்கவில்லை. இதில் உப்புக் காணாதென்று கண்டவர்கள் அச்சுக்குப் போகுமுன் சொல்லியிருக்க வேண்டும்.