படுத்துக்கொண்டே சம்பாதிக்கலாமா?

கேள்வி: பயண ஆலோசகரான நான், என் வலைத்தளத்தில் அமேசான், ஓட்டல் கமிஷன் இணைப்புகளைப் போட்டால் படுத்துக்கொண்டே சம்பாதிக்கலாமாமே?
– வாசகர், அனுப்பர்பாளையம்

பதில்: படுத்துக்கொண்டே தூங்கலாம், சம்பாதிக்க எழுந்துதான் ஆகவேண்டும்! அமேசான் இணைப்பைத் தட்டியவர் 24 மணி நேரத்துக்குள் பொருளை வாங்கினாலோ கூடையில் போட்டாலோதான் கமிஷன் கணக்கே தொடங்கும். ஓட்டல் என்றால், பெரும்பாலும் விருந்தாளி தங்கி முடித்த பிறகுதான் காசு. அறையை ரத்து செய்தால் அதுவும் போச்சு.

உங்கள் ஊரில் பித்தளைக் குடம் வாங்க வருபவர் விரலால் சுண்டிப் பார்த்து, அடியைத் திருப்பிப் பார்த்துத்தானே எடுக்கிறார்? வலைத்தளத்துக்கு வருபவரும் அப்படித்தான், நம்பினால்தான் வாங்குவார். அதற்குப் பிறர் எழுதாததை எழுதவேண்டும். ஊட்டி, கொடைக்கானலைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஜார்க்கண்ட் தம்பி, திருப்பூரில் தன்பாத் எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குப் போக எப்படி முன்பதிவு செய்வது, பயணத்துக்கு 60 நாளுக்கு முன்னால் அந்த முன்பதிவு எப்போது திறக்கும் என்று இந்தியிலும் எழுதுங்கள். டிக்கெட்டில் உங்களுக்கு ஒன்றும் வராது. ஆனால் உங்களை நம்பி வந்தவர் பெட்டியும் பவர் பேங்க்கும் உங்கள் இணைப்பிலேயே வாங்குவார்.

‘இதில் வாங்கினால் எனக்குக் கமிஷன் உண்டு’ என்று இணைப்பின் பக்கத்திலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்களும் அதைத்தான் கேட்கின்றன.