ஜங்லிகாட்டில் ஒரு பனிச்சரிவு வேண்டும்

பெரிதாக வேண்டாம். அந்தமான் தலைநகரின் இந்த மீன்பிடித் துறைமுகத்துக்கு மேலே இருக்கும் மேட்டிலிருந்து நாலு கூடைப் பனி உருண்டு வந்து, ஜெட்டியில் வலை உதறிக்கொண்டிருக்கும் ஒருவரைச் சாய்த்தால் போதும். அவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. விதியில் தெளிவாக இடம் இருக்கிறது. அதே மனிதர், அதே ஜெட்டியில், ஏப்ரல் மாத நடுப்பகலில் ஐஸ் பெட்டி தூக்கும்போது சுருண்டு விழுந்து செத்தால் அது அவருடைய சொந்த விவகாரம்.

கேலி பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கேலி பேசுவது நான் அல்ல, பட்டியல். 2021 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிவாரண நிதிக்குத் தகுதியானவை என்று ஒன்றிய அரசு ஏற்றுக்கொண்டவை 12: புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், அப்புறம் உறைபனியும் குளிர் அலையும். நிலநடுக்கோட்டுக்கு 11 டிகிரி வடக்கே, நாலாபுறமும் கடல் சூழக் கிடக்கிற எங்களுக்கு உறைபனியிலிருந்து முழுப் பாதுகாப்பு! வெப்ப அலைக்கு மட்டும் அந்தப் பந்தியில் இலை போடவில்லை. சேர்க்கச் சொல்லி மாநிலங்கள் கேட்டன. அந்தக் கோரிக்கையில் பெரிய நியாயம் இல்லை என்று 15ஆவது நிதிக்குழு சொல்லிவிட்டது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து யோசித்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

நிவாரண நிதியில் 10 சதவீதத்தை உள்ளூர்ப் பேரிடருக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று மாநிலங்களுக்கு ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறார்கள். அந்தச் சந்து வழியாகத்தான் 2024 அக்டோபரில் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதே மாதம் 6ஆம் தேதி, சென்னை மெரினா வெயிலில் விமானப்படை சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் வீடு திரும்பவில்லை.

எங்களுக்கு சட்டமன்றமும் கிடையாது, முதல்வரும் கிடையாது. இந்தத் தீவுகளை நேரடியாக ஆள்வது உள்துறை அமைச்சகம். பேரிடர் நிவாரண விதிகளைக் கையில் வைத்திருப்பதும் அதே உள்துறை அமைச்சகம். ஒரே கட்டடம், ஒரே பேனா. அந்தப் பேனாவில் மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2018 டிசம்பரில் ராஸ், நீல், ஹேவ்லாக் தீவுகள் மூன்றுக்கும் பெயர் மாற்றினார்கள். 2023 ஜனவரி 23 அன்று, பெயரில்லாமல் இருந்த 21 தீவுகளுக்கு ஒரே நாளில் பெயர் சூட்டினார்கள். 2024 செப்டம்பர் 13 அன்று போர்ட் பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. காலையில் போர்ட் பிளேயரில் வேர்த்தவர் மாலையில் ஸ்ரீ விஜயபுரத்தில் வேர்த்தார்.

இவ்வளவு கைத்திறமை உள்ளவர்களுக்கு ஒரு யோசனை. வெப்ப அலைக்கும் பெயரை மாற்றி, ‘குளிர் அலை’ என்று வைத்துவிடுங்கள். நிதிக்குழுவைக் கேட்க வேண்டியதில்லை, பட்டியலைத் திருத்த வேண்டியதில்லை. நிவாரணம் தானாக வந்துவிடும்.

அதற்கும் முன்னால் வெப்பம் இருப்பதை அரசு ஒத்துக்கொள்ள வேண்டுமே! கடலோர ஊர் என்றால் வெயில் 37 டிகிரியைத் தொட வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் இந்திய வானிலை ஆய்வுத் துறைக் கணக்கில் அது வெப்ப அலை. எங்கள் ஊரில் கடுங்கோடையின் வழக்கமான உச்சமே 32, 33தான். கடல் அதற்கு மேல் ஏற லேசில் விடாது. பதிலுக்கு அது தருவது புழுக்கம். 32 டிகிரியோடு 70 சதவீத ஈரப்பதம் சேர்ந்தால் உடம்பு உணர்வது ஏறத்தாழ 41. வேர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இங்கே வேர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. தகரக் கூரைக்குக் கீழே படுத்தால் ராத்திரியிலும் இதே கதைதான். ஆனால் வெப்பமானியில் 32 இருக்கிறது அல்லவா? அரசுக்கு அது போதும்.

2010 மே மாத வெயிலில் பிணங்களை எண்ணிப் பார்த்த பிறகு, 2013இல் அகமதாபாத் ஒரு வெப்பச் செயல்திட்டம் தீட்டியது. நல்ல காரியம். அதன் பிறகு நாடெங்கும் திட்டங்கள் முளைத்தன. 2023இல் டெல்லியின் கொள்கை ஆய்வு மையம் அப்படிப்பட்ட 37 திட்டங்களை எடுத்துப் படித்தது. அந்தந்த ஊருக்கு எத்தனை டிகிரி ஆபத்து என்று வரையறுத்தவை 10. பணம் எங்கிருந்து வரும் என்று பேசியவை 11. அந்த 11லும் எட்டு, ‘துறைகளே பார்த்துக்கொள்ளட்டும்’ என்று முடித்துக்கொண்டன.

அறிவுரைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொல்கிறது: பகல் 12 முதல் 3 வரை வெளியே போகாதீர்கள். தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். லஸ்ஸி, மோர், எலுமிச்சைச் சாறு அருந்துங்கள். ஐயா, ஜங்லிகாட்டில் படகு எப்போது கரை சேரும் என்பதைக் கடலும் மீனும் முடிவு செய்கின்றன. மீன் இறங்கினால் இறக்கத்தான் வேண்டும். மீனுக்காவது ஐஸ் உண்டு. அதை விற்கிற அக்காவுக்கு உள்ளதெல்லாம் தலையில் போட்ட துண்டு. அவர் வாங்கும் ஐஸ் முழுக்க மீனுக்கே போகிறது, ஏனென்றால் மீன் கெட்டால் நஷ்டம்.

தண்ணீரா? ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற ஊர் இது. ஆனாலும் கோடையில் எங்களுக்குத் தண்ணீர் தரும் தனிக்காரி அணையின் நீர்மட்டம் இறங்கினால் குழாய் நாள் கணக்கில் மௌனம். தாகம் இல்லாவிட்டாலும் குடிக்கச் சொல்கிறவர்கள், தாகம் எடுக்கும்போது குடிக்க ஒரு குடம் அனுப்பக்கூடாதா?

நிழல் கேட்டால் அதற்கும் திட்டம் இருக்கிறது. கிரேட் நிக்கோபாரில் ஒரு பெரிய கட்டுமானத் திட்டத்துக்காகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுத்துக்கொள்கிறார்கள். வெட்டப்படக்கூடியவை 9.64 லட்சம் மரங்கள் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. ஈடாகக் காடு வளர்க்கத் தேர்ந்த இடம் ஹரியானா! எங்களுக்கு நிழல் வேண்டுமென்றால் கப்பல் ஏறி, ரயில் ஏறிப் போய் நின்றுவிட்டு வரலாம்.

கேரளத்தில் ஆண்டுதோறும் கோடையில், நண்பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. அறிவுரை அல்ல, உத்தரவு. இங்கேயும் அது வேண்டும், கூலி குறையாமல். ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் எச்சரிக்கை அளவு தீவுகளுக்கென்று வேண்டும். ஜெட்டியில் குடிதண்ணீரும் கூரையும் வேண்டும். வெயிலில் செத்தவரின் சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்று மட்டும் எழுதிக் கோப்பை மூடுவது நிற்க வேண்டும்.

ஜங்லிகாட்காரர்களே, டெல்லியில் பேச நமக்கு இருப்பது ஒரே ஒரு எம்.பி. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் சரி, சாயங்காலக் கடல்காற்றில் மேடை போட விடாதீர்கள். ஏப்ரலில், மதியம் 12 மணிக்கு ஜெட்டிக்கு வரச் சொல்லுங்கள். 3 மணி வரை பேசட்டும்.