தலைக்கு ஒண்ணா, பொட்டிக்கு ஒண்ணா?

இஞ்ச வாடா தம்பி. வேதாரண்யத்து உப்பு மண்டிக்கு சர்வர் வாங்கிப்புட்டியாமே? கோடியக்கரைத் திண்ணையில சாஞ்சுக்கிட்டே மண்டிக் கணக்கைத் தொறந்து பாக்குறியாம். பேஷ். உள்ள போற சீட்டு வாங்குனியா?

"விண்டோஸ் சர்வருக்குத்தான் காசு கட்டிட்டேனே தாத்தா"ங்கறே. அட போடா! அது சர்வருக்கான காசு. அதைத் தொடுற ஆளுக்கோ பொட்டிக்கோ 'கேல்'னு ஒரு சீட்டு தனியா வாங்கணும். தூரத்துலேர்ந்து அதோட திரையைத் தொறந்து வேலை பாக்க 'ஆர்டிஎஸ் கேல்'னு அதுக்கு மேல இன்னொண்ணு. டேலி கணக்கு வேற. அதுல சில்வர் லைசென்சு ஒத்தை ஆளுக்குத்தான். நாலு பேரு நுழையணும்னா கோல்டு.

மொறைக்காதே. வெள்ளைக்காரன் கடல் குடுத்த உப்புக்கே வரி கேட்டான். 1930 ஏப்ரல் 30-ல ராஜாஜி இந்த அகஸ்தியம்பள்ளியிலதான் உப்பள்ளி ஜெயிலுக்குப் போனாரு. நீயும் அள்ளலாம்னு பாக்குறியா? உப்பு கடலோடது. சாஃப்ட்வேரு மைக்ரோசாஃப்டோடது. படிக்காமலே 'சம்மதம்'னு அமுக்குனவன் நீதானே?

இப்ப நல்லாத்தானே ஓடுதுங்கறியா? ஓடும்டா, ஆர்டிஎஸ் சீட்டு இல்லாமலே 120 நாளு சும்மா ஓடும். அதைத்தான் உன் சாமர்த்தியம்னு நெனச்சுக்கிட்டுத் திரியறே. அப்புறம் ஒரு காலையில உப்பு லாரி வாசல்ல நிக்கும், பில்லு போடணும், ஒருத்தனையும் உள்ள வுடாது. ரெண்டு பேரு சீட்டில்லாமப் போகலாம்னு இருக்கே, அது சர்வரைப் பராமரிக்கிறவனுக்கு. பில்லு போடுறவனுக்கு இல்ல.

எல்லாரும் ஒரே பேருல நுழைஞ்சா ஒரு சீட்டு போதும்னு எவனோ சொல்லிக்குடுத்தானாமே? பத்துப் பேரு ஒரே துண்டைப் போத்திக்கிட்டா ஒரு ஆளா ஆயிடுவானுங்களா?

கேளு. எடைமேடைப் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டரு. பகல்ல ஒருத்தன், ராத்திரில ஒருத்தன், ஞாயித்துக்கெழம மூணாமத்தவன். அங்க பொட்டிக்கு ஒண்ணு எடுத்தா லாபம். நீயோ மேசையில ஒண்ணு, மடியில ஒண்ணு, கையில ஒண்ணு வெச்சிருக்கே. உனக்குத் தலைக்கு ஒண்ணுதான் லாபம். ஆனா ஆர்டிஎஸ் சீட்டுக்கு ஒரே சர்வருல ரெண்டு கணக்கும் வெக்க முடியாது, ஏதாவது ஒண்ணுதான். பழைய வெர்ஷன் சர்வருக்கு வாங்குன சீட்டு புது வெர்ஷனுக்குச் செல்லாதுங்கறதையும் மனசுல வெச்சுக்க.

அதனால மொதல்ல தலையை எண்ணு, அப்புறம் பொட்டியை எண்ணு. எது கொறச்சலோ அதை வாங்கு. இதுக்கு எதுக்குடா கோட்டுப் போட்ட ஆலோசகன்?

சரி, மண்டியில எத்தனை பேரு? அஞ்சா? என்னது, தங்கச்சி மாப்பிள்ளைக்கும் பாஸ்வேர்டு குடுத்திருக்கியா? அந்தத் தலையையும் சேத்து எழுதுடா.