இரண்டு இருக்கையா, இரண்டரையா?

கேள்வி: மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86 ஆகிய இரு ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களுள் அன்றாடப் பயன்பாட்டுக்கு உகந்தது எது?

பதில்: 1989-இல் அறிமுகமான எம்எக்ஸ்-5, கூரையை மடக்கிவிட்டு வானம் பார்த்தபடி இருவர் மட்டுமே செல்லத்தக்க ‘ரோட்ஸ்டர்’ வகையைச் சேர்ந்தது. அதன் இன்றைய தலைமுறையின் டிக்கி ஏறத்தாழ 130 லிட்டர் கொள்ளளவே உடையதாகையால், கடைக்குச் செல்பவர் எதை வாங்குவது என்பதைவிட எதை விட்டுவருவது என்றே சிந்திக்க நேரும். ஜிஆர்86-இலோ, சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்தவாறு இயங்கும் 2.4 லிட்டர் ‘பாக்ஸர்’ எஞ்சினோடு, பின்னிருக்கை என்ற பெயரில் ஒரு மெத்தையும் உண்டு. வளர்ந்தவர் எவரும் முழங்காலை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தாலன்றி அதில் அமர இயலாதெனினும், அதை மடக்கினால் நான்கு டயர்களையே அடுக்கலாம் என்பதால், மளிகைச் சுமைக்கு அதுவே ஏற்றது. மாமியாரை ஏற்றிச்செல்லாதிருக்கத் தக்க காரணம் தேடுவோருக்கு மட்டும் எம்எக்ஸ்-5 சாலப் பொருந்தும்.