ஆடா புலியா, சொல்லிட்டு உக்காரு

மருமவனே, போன வாரமும் மேஜிக் கார்டுல அந்தக் கமாண்டர் ஆட்டத்துல நீதான் செயிச்சேன்னு கேள்விப்பட்டேன். அதுக்கு முந்தின வாரமும் நீதானாம். ரொம்ப சந்தோசம்ல. சொடலைக்கு ஒரு கெடா வெட்டிருவோம். ஒரே ஒரு சந்தேகம்தான் மாமனுக்கு: அடுத்த வாரம் யாரு கூட வெளாடப் போற?

மேஜிக் கார்டப் பத்தி இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. லீவுக்கு வந்தா நீ வேற எதப் பேசுத? திண்ணையில நான் கண்ண மூடிக் கெடந்தாலும் காது தொறந்துதான் கெடக்கும். இத்தனை தீவாளிக்கு ஒன் பேச்சக் கேட்டதுல, தொழுவத்துல நிக்க காளைக்கே ஒரு டெக் கட்டத் தெரியும்.

மொதல்ல கணக்கப் பாப்போம். ஆளுக்கு 100 கார்டு, மனாங்க கூலியத் தருத சாதா லேண்டத் தவிர ஒரே கார்டு ரெண்டு தரம் வரக்கூடாது, ஆளுக்கு 40 உயிரு. நாலு பேரு வட்டமா உக்காருதீய. கடைசில ஒருத்தன் செயிக்கான், மூணு பேரு தோக்கான். நாலு பேரும் சரிசமமான ஆளுன்னா, நீ 100 ஆட்டத்துல 75-ல தோக்கணும். முக்காவாசி நேரம் தோக்கதுதாம்ல அந்த ஆட்டமே! அப்பம் தோக்கதுல ருசி இல்லைன்னா வேற எதுல ருசி? நீ 100-க்கு 80 செயிக்கேன்னா நீ பெரிய சூரன்னு அர்த்தமில்ல. மத்த மூணு பயலும் ரொம்பப் பொறுமைசாலின்னு அர்த்தம்.

ஒருத்தனே செயிச்சுக்கிட்டு இருக்க இந்தச் சங்கடம் ஒங்க நாலு பேரு தலையில மட்டும் விழுந்ததில்ல. மேஜிக் ஆட்டத்த உண்டாக்கின ரிச்சர்ட் கார்ஃபீல்டே இதுல ஏமாந்தவருதான். கணக்குல டாக்டர் பட்டம் வாங்கின மனுசன். ஆளுக்கு ரெண்டு மூணு பாக்கெட்டு வாங்குவானுவ, வலுவான கார்டு ஒரு கூட்டத்துல ஒண்ணு ரெண்டுதான் தட்டுப்படும், அதனால ஆட்டம் சமமாவே ஓடும்னு 1993-ல மனக்கணக்குப் போட்டாரு. ஒரே கார்டு இத்தனைக்கு மேல கூடாதுன்னு அப்பம் ஒரு சட்டமும் கெடையாது. மொத அச்சு 26 லட்சம் கார்டு, பட்டுனு வித்துத் தீந்துபோச்சு. வாங்கினவன் ரெண்டு பாக்கெட்டோட நிப்பானா? பெட்டி பெட்டியா தூக்கிட்டுப் போனான். அடுத்த வருசமே, போட்டின்னா ஒரு கார்டு நாலுக்கு மேல வைக்கப்படாதுன்னு கட்டுப்பாடு வந்துட்டு. கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு தெரிஞ்சுது. ஒன்னைய மாதிரி ஆளத் தெரியலை.

இன்னொரு பழக்கமும் அப்பம் உண்டு. ஆட்டம் தொடங்குமுன்ன ஆளுக்கொரு கார்டப் பந்தயமா வைக்கணும். செயிச்சவன் ரெண்டையும் அள்ளிக்கிட்டுப் போவான். அது நெலைக்கலை. கையில உள்ளதையும் பறிகொடுத்தவன் மறுநாளு எப்படி வருவான்? நீ யாரு கார்டையும் எடுக்கலை, ஒத்துக்கிடுதேன். அவனுவ சாயங்காலத்தத்தான் எடுத்துட்டுப் போற.

கமாண்டர் பொறந்த கதைய நீதாம்ல எனக்குச் சொன்ன. அலாஸ்காவுல, பனிக்குள்ள, சேக்காளிமாரு தங்களுக்குள்ள வச்சுக்கிட்ட ஆட்டம். ஷெல்டன் மெனரிங்க நடுவரு அத அங்கன கத்துக்கிட்டு மத்த நடுவர்மாருக்குப் பரப்பினாரு. பகல் பூரா விதிப்புத்தகமும் கையுமா போட்டிக்காரன் வழக்கத் தீத்து வச்ச மனுசங்க, ராத்திரி மூச்சு விடுததுக்குன்னு எடுத்த வெளாட்டு அது. 2011-லதான் கார்டு போடுத கம்பெனியே அதுக்குன்னு டெக் போட்டு விக்க ஆரம்பிச்சுது. ஆக, போட்டிக்குப் பயந்து ஓடியாந்தவன் கட்டின வீடு. நீ அந்தப் போட்டியவே பின்வாசல் வழியா கூட்டியாந்து நடுவீட்டுல உக்கார வைக்க.

இல்ல மாமா, எனக்குச் சேக்காளியே வேண்டாம், தனியாக் கெடந்து நிம்மதியா இருக்கணும்னு சொன்னேன்னா, அதுக்கும் மாமன் வழி சொல்லுதேன். குறிச்சுக்கோ.

ஊரு ஒலகத்துல எவனோ மண்டையப் போட்டு உடைச்சுக் கட்டின டெக்க, கார்டு மாறாம அப்படியே எடுத்துக்கோ. எடுத்துட்டு, "சும்மா வீட்டுல கெடந்தத அடுக்கிக்கிட்டு வந்தேன்"னு சொல்லு. ரிஸ்டிக் ஸ்டடிங்க கார்ட மறக்காம வெளியில வையி. எதிராளி லேண்டத் தவிர எதப் போட்டாலும் ஒரு மனா கூடக் கட்டணும், கட்டலைன்னா நீ ஒரு கார்டு எடுப்பே. அவன் கையத் தூக்கும்போதெல்லாம் "ஒண்ணு கட்டுதியா? ஒண்ணு கட்டுதியா?"ன்னு கேட்டுக்கிட்டே இரு. பெறவு, எதிரே இருக்கவன் ஒரு டிராகன எறக்கணும்னு ஆசை ஆசையா லேண்ட் சேத்துக்கிட்டு இருக்கும்போது, மூணாவது சுத்துல தாசாஸ் ஆரக்கிளையும் டீமானிக் கன்சல்டேஷனையும் போட்டு ஒன் கட்டு மொத்தத்தையும் வெளிய தள்ளிட்டு, "செயிச்சுட்டேன்"னு சொல்லு. எடுக்கதுக்குக் கட்டுல சீட்டே இல்லாதவன் செயிச்சான்னு இந்த ஒரு ஆட்டத்துலதாம்ல கேள்விப்பட்டேன்! அதோட விட்டுராத. தோத்தவனப் பக்கத்துல உக்கார வச்சு, அவன் எங்கெங்க தப்புப் பண்ணினான்னு அரை மணி நேரம் பாடம் எடு. பெறவு ஒனக்கு நிம்மதி நிச்சயம்.

ஒன் சேக்காளிமாரு மட்டும் யோக்கியமான்னு கேப்ப. அவனுவளையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். "நான் ஜாலிக்குத்தான் வெளாடுதேன்"னு ஒருத்தன் சொல்லுதாம்லா, அவன் டெக்கு ஜாலிதான். சட்டம்தான் கடுதாசி நீளத்துக்கு இருக்கு. அவன் போடுததக் கவுண்டர் பண்ணக்கூடாது. மேசையத் தொடைச்சு எடுக்கக்கூடாது. லேண்டத் தொடவே கூடாது. தலைவன் கார்டான கமாண்டரக் கொன்னா மூஞ்சி வீங்கிரும். அவனுக்கு வேண்டியது எதிராளி இல்லல, வேடிக்கை பாக்க ஆளு. அவன மாதிரி நாலு பேரு சேந்துட்டா, யாரும் யாரையும் அடிக்காம மூணு மணி நேரம் ஸ்லீவத் தடவிக்கிட்டு இருப்பானுவ. தோத்தா "டெக்கு சரியில்ல"ன்னும், செயிச்சா "தெறமை"ன்னும் சொல்லுத பயலும் அந்தக் கூட்டத்துலதான் இருக்கான்.

கார்டு போடுத கம்பெனிக்காரனே ஆட்டக்காரன மூணு சாதியாப் பிரிச்சிருக்கான். மார்க் ரோஸ்வாட்டர் 2002-ல எழுதி வச்சாரு: பெரிய மிருகத்த எறக்கி "டமார்"னு அடிச்சாத்தான் டிம்மிக்கு ஆனந்தம். யாரும் நெனைக்காத கோணத்துல ஒரு காம்போவக் கண்டுபிடிச்சு, பத்துல ஒரு தரம் அது பலிச்சாலும் ஜானிக்குப் போதும். ஸ்பைக்குக்குச் செயிக்கணும். மூணும் தப்பில்ல மருமவனே. டிம்மியையும் ஜானியையும் ஒக்கார வச்சு, ஆடுதது ஸ்பைக் ஆட்டம்னு சொல்லாம ஆடுதாம்பாரு, அதுதான் தப்பு.

சொல்லுதோம்லான்னு சண்டைக்கு வராத. நீங்க சொன்ன லெச்சணம் எனக்குத் தெரியும். டெக்கு பலத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க்குன்னு கேட்டா நாலு பேரும் "ஏழு"ம்பீய. ஏழுன்னு சொன்னா அடக்கமும் ஆச்சு, பொய்யும் ஆச்சு. ஆடுபுலி ஆட்டத்துல மூணு புலி, பதினஞ்சு ஆடு. ரெண்டும் சமமில்ல, ஆனாலும் அதுல சண்டை வந்து நான் பாத்ததில்ல. ஏன்னா எவன் புலி எவன் ஆடுன்னு தெரிஞ்சுதான் கட்டத்துக்கு முன்னால உக்காருதோம். நீ ஆடுன்னு சொல்லி உக்காந்து புலியா எந்திரிக்க.

ஒங்க ஏழ நம்பி ஏமாந்துதான், கம்பெனி 2025-ல 1-ல இருந்து 5 வரைக்கும் படி வச்சுது. கீழ்ப்படி வேடிக்கைக்குக் கட்டின டெக்கு, மேல்படி வெட்டு குத்துப் போட்டி. ஆட்டத்தையே பொரட்டிப்போடுத கார்டுக்கு கேம் சேஞ்சர்னு ஒரு பட்டியல். மூணாம் படின்னா அதுல மூணுதான் வைக்கலாம். ஒன் ரிஸ்டிக் ஸ்டடியும் அந்தப் பட்டியல்லதான் இருக்கு, தெரியாத மாதிரி மூஞ்ச வச்சுக்கிடாத. ஆட்டத்துக்கு முன்ன பேசிக்கிடுததுக்கு ரூல் ஜீரோன்னு பேரு வேற வச்சிருக்கீய. பேரு வச்சாப் போதாது, பேசவும் செய்யணும்.

பேசும்போது நெசத்தப் பேசு. "என் டெக்கு நாலாவது சுத்துல முடிச்சிரும்"னு சொல்லிட்டுப் போட்டேன்னா எவனும் கோவிக்க மாட்டான். மூணு பேரும் சேந்து ஒன்ன மொத்துவான், அதுவும் ஒரு ருசிதான். செயிச்சே ஆவணும்னு ரத்தம் துடிச்சா கடையில நடக்குத போட்டிக்குப் போ. அங்கன புலியத்தான் கொண்டு போவணும். எதிராளிக்கு எரக்கப்பட்டு மெதுவா ஆடினா அது அவன அவமானப்படுத்துதது. சேக்காளி வீட்டுக்கு வேற டெக்கு எடுத்துட்டுப் போ. கடையில ரெடியா விக்குத பிரீகான ஆளுக்கொண்ணு வாங்கி, ஒரு கார்டு மாத்தாம ஒரு மாசம் ஆடிப் பாருங்க. இல்லைன்னா டிராஃப்ட் போடுங்க: ஆளுக்கு மூணு பாக்கெட்டு, ஒரு கார்ட எடுத்துட்டு மிச்சத்தப் பக்கத்துல தள்ளி, கெடச்சதோட சாதா லேண்டும் சேத்து 40 கார்டு டெக்கு. அதுல எவன் பர்ஸும் பேசாது. எத்தனை வெறியாவும் வெளாடிக்கோ, யாரும் ஒன்னக் கேக்க மாட்டான். எல்லாத்துக்கும் மேல ஒரு வைத்தியம் உண்டு. ஒன் டெக்க அவன்கிட்ட குடு, அவன் டெக்க நீ எடு. செயிச்சது நீயா ஒன் கார்டான்னு அன்னைக்குத் தெரிஞ்சிரும். நீ மாட்டேம்பே, எனக்குத் தெரியும்.

துட்டையும் ஒரு வார்த்தை சொல்லிருதேன். 2024 செப்டம்பர்ல மனா கிரிப்ட், ஜுவல்டு லோட்டஸ்னு வெலை ஒசந்த கார்டுகளக் கமாண்டர்ல ஆடக்கூடாதுன்னு தடை போட்டாவ. போட்டவுக சம்பளமில்லாம விதியக் கவனிச்சுக்கிட்ட குழு. அவுகளுக்குக் கொலை மெரட்டல் வரைக்கும் போயி, "ஆள விடுங்கய்யா"ன்னு பொறுப்பக் கம்பெனி கையில குடுத்துட்டு ஒதுங்கிட்டாவ. ஓய்வுக்குப் பொறந்த ஆட்டம்ல அது! ஒரு அட்டைக்கு ஆயிரக்கணக்குல போட்டவனுக்கு வெளாட்டு எப்படி வெளாட்டா இருக்கும்? வீட்டுல ஆடும்போது அச்சடிச்ச நகல் கார்டு வச்சுக்கிடலாம்னு நாலு பேரும் ஒத்துக்கிட்டா ஒரு குத்தமும் இல்ல. போட்டிக்கு மட்டும் அசல எடுத்துட்டுப் போ.

கடைசியா, நல்லா வெளாண்டியான்னு பாக்க மாமன் ஒரு அளவுகோலு தாரேன். எத்தனை செயிச்சேன்னு எண்ணாத. ஆட்டம் முடிஞ்சதும் தோத்தவன் கையப் பாரு. அவனே கார்டக் கலைக்க ஆரம்பிச்சான்னா நீ நல்ல ஆட்டக்காரன். டெக்க மெதுவாப் பெட்டிக்குள்ள அடுக்கிக்கிட்டே, "கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னான்னா, யோசிச்சுக்கோ. அவன்ட்ட பைக்கு இருக்குல்ல?