நிதானப் பிரயாணி

ஓய்வுபெற்ற அடுத்த கோடையில் இவரைச் சாலையில் பார்க்கலாம். வங்கியிலோ பொதுப்பணித் துறையிலோ முப்பத்தைந்து வருஷம் கையெழுத்துப் போட்ட கை இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும். பின்சீட்டில் ஃபிளாஸ்க், புளியோதரை டப்பா, இரண்டு தலையணை. பக்கத்தில் மனைவி, நமக்கு 'அம்மா'. "டூர் இல்ல சார் இது. நின்னு நின்னு, சின்னச் சின்ன ஊரா பாத்துக்கிட்டுப் போறோம். அவசரமே கிடையாது" என்று குடியிருப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருப்பார். அவசரமே இல்லாத அந்தப் பயணம் விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கும். 4.10 ஆகிவிட்டால் முதல் சண்டை தாம்பரத்துக்குள் முடிந்துவிடும்.

நிதானத்துக்கென்றே ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், கிலோமீட்டர், பெட்ரோல், இதர என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. அதில் 'மதுராந்தகம் ஏரி, பார்வையிடல், 10 நிமிடம்' என்று இருக்கும். விடிந்தும் விடியாத இருட்டில் கரையில் நின்று மூன்றே நிமிடத்தில் ஏரியைப் பார்த்து முடித்து, ஏழு நிமிடம் மிச்சம் பிடிப்பார். அதை என்ன செய்வது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. மிச்சம் பிடிப்பதோடு அவர் வேலை முடிந்தது.

விக்கிரவாண்டியில் திருச்சி சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பினால் பண்ருட்டி. கோடையில் இந்த வழியாகப் போகிறவர் மூக்கை மூடிக்கொண்டாலும் பலாப்பழம் தப்பாது. சாலையோரம் குவிந்து கிடக்கும். நம்மவர் இறங்கி, ஒவ்வொரு பழமாக விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். பழத்துக்குள்ளிருந்து என்ன பதில் வரவேண்டும் என்று இவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கடன் கேட்டு வந்தவரைப் பார்க்கிற அதே முகம். ஏழாவது பழத்தைத் தட்டும்போது கடைக்காரர், "சார், உள்ள யாரும் இல்ல" என்பார். அதற்குள் அம்மா அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுக்கும் கிழவியோடு பேசி, இந்த வருஷம் முந்திரி எப்படி, மருமகள் எப்படி என்பது வரை வந்திருப்பார். நல்ல பழத்தைக் கிழவியே பொறுக்கி வண்டியில் ஏற்றிவிடுவாள்.

இவர் வழி கேட்பதில்லை. அது கௌரவக் குறைச்சல். செல்போனில் ஒரு பெண் குரல் சொல்வதைத்தான் கேட்பார். அதுவும் பக்கத்தில் இருக்கிற பெண் குரல் அதையே ஒரு நிமிடம் முன்னால் சொல்லியிருந்தால், அதற்காகவே நேராகப் போய்விடுவார்.

வடலூரில் வள்ளலாரின் தருமசாலை. 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது, வந்தவர்க்கெல்லாம் சோறு. ஒன்றரை நூற்றாண்டுக்கு விறகு என்ன ஆகியிருக்கும் என்று அவர் மனக்கணக்குப் போட்டுக்கொண்டு நிற்க, அம்மா பந்தியில் உட்கார்ந்துவிடுவார். "சாப்பாடு ஒண்ணு பதினஞ்சுக்குக் கும்பகோணத்துலன்னு போட்டிருக்கேன்" என்பார் இவர். "நீங்க அங்கயே சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, அம்மா இரண்டாவது தடவை ரசம் கேட்பார்.

இத்தனை திட்டமும் தரைதட்டுவது கங்கைகொண்ட சோழபுரத்தில். மணி 12.20. நடை சாத்தியாகிவிட்டது, இனி நாலு மணிக்குத்தான். கங்கைவரை படை அனுப்பி வென்ற ராஜேந்திரன் கட்டிய கோயிலின் நேரத்தை இவர் நோட்டில் குறிக்கவில்லை. சரி, விமானத்தையாவது சுற்றிப் பார்க்கலாம் என்று செருப்பைக் கழற்றுவார். அக்னி நட்சத்திர வெயிலில் வெந்து கிடக்கும் கல்தளம். "சாக்ஸ் கொண்டாந்திருக்கேன், போட்டுக்குங்க" என்று அம்மா நீட்டினால், "கோயில்ல சாக்ஸா?" என்று முறைத்துவிட்டு இறங்குவார். சுவரின் மாடத்தில் நடராஜர் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறார். இவர் இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்கியபடி அவரைக் கடந்து, சண்டேசருக்குச் சிவன் பூச்சூட்டும் அந்த அற்புதமான சிற்பத்தையும் கடந்து, நிழலைத் தேடி ஓடுவார். ஓட்டத்திலும் விளக்கவுரை நிற்காது. "தஞ்சாவூர் பெரிய கோயில் 1987லயே யுனெஸ்கோ பட்டியல்ல வந்துடுச்சு. இது 2004லதான். பதினேழு வருஷம் ஜூனியர்!" புரமோஷன் பட்டியலாகத்தான் உலகமே அவருக்குப் படும்.

அடுத்து நடப்பதுதான் எனக்குப் பிடித்த காட்சி. எதிரே மூன்றரை மணி நேரம் சும்மா கிடக்கிறது. ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்த அந்த அவசரமின்மை கைமேல் கிடைத்துவிட்டது. அவருக்கு உடம்பு பதறும். டயரில் காற்றுப் பார்ப்பார். நோட்டில் கூட்டல் சரிபார்ப்பார். தொல்லியல் துறைப் பலகையைப் படித்து முடித்து, அதில் ஓர் எழுத்துப்பிழை கிடைக்காதா என்று மறுபடி படிப்பார். காரில் ஏசி போட்டு உட்கார்ந்தால் பெட்ரோல், அணைத்தால் பலாப்பழம். அம்மாவோ மரத்தடியில் துண்டை விரித்து, பூக்காரப் பெண்ணின் கூடையிலிருந்து ஒரு கை மல்லிகையை எடுத்துத் தானும் தொடுக்கத் தொடங்கி, அப்படியே பேச்சில் கரைந்து, பிறகு தலைக்குக் கையை வைத்துத் தூங்கியும் போவார்.

திரும்பி வந்ததும் குடியிருப்பு வாசலில் இவருடைய சொற்பொழிவு நடக்கும். அணைக்கரைப் பாலம் எவ்வளவு குறுகல், கொள்ளிடத்தில் மணல்தான் ஓடுகிறது, வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுத்தது. "எங்கயும் அவசரப்படல பாருங்க, ஆனா எல்லாத்தையும் முடிச்சிட்டோம்" என்பார். நடுவில் அம்மாவின் போன் அடிக்கும்.

"யாரு?"

"சோழபுரத்துப் பூக்காரப் பொண்ணு. அதோட அக்காவுக்கு ஆம்பளைப் புள்ள பொறந்திருக்காம்."

"அதை எப்ப பாத்தே நீ?"

"நீங்க டயரைப் பாத்துக்கிட்டு இருந்தப்பதான்."