ஒராங்குட்டான் ஒன்று வேண்டி விண்ணப்பம்

அனுப்புநர்:
அரிசி பெறும் குடும்ப அட்டைதாரர் ஒருவர்,
சென்னை.

பெறுநர்:
மாண்புமிகு அமைச்சரும் உயர் அலுவலர்களும்,
தோட்டத் தொழில், மூலப்பொருள் அமைச்சு,
புத்ராஜெயா, மலேசியா.

பொருள்: கினபாத்தாங்கான் ஆற்றுப் படகுச் சவாரிக்கு நன்றி தெரிவித்தல் – பாமாயில் வாங்குவோருக்கு ஒராங்குட்டான் வழங்கும் திட்டத்தில் எனக்குரிய பங்கைக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அமைச்சின் 2024 மே மாத அறிவிப்பும், அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத் திருத்தமும்.

ஐயா,

தங்களுக்குக் கடிதம் எழுத இவன் யார் என்று கேட்பீர்கள். மாதம் பிறந்தால் ரேஷன் கடையில் கைரேகை வைத்து, துவரம் பருப்போடு ஒரு லிட்டர் பாமாயிலையும் 25 ரூபாய்க்கு வாங்கி வருகிறவன். அதாவது தங்கள் வாடிக்கையாளன். உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்வது எங்கள் நாடுதான். சில ஆண்டுகளில் அது 90 லட்சம் டன்னையும் தொட்டிருக்கிறது. அதில் பெரும் பங்கு இந்தோனேசியாவிலிருந்து வருகிறது, அடுத்த இடம் தங்களுக்கு. எங்கள் வீட்டு அப்பளம் எந்த நாட்டு எண்ணெயில் பொரிகிறது என்று எனக்குத் தெரியாது. ஆகவே நன்றியை இருவருக்கும் பொதுவாக வைத்துக்கொள்கிறேன்.

அந்த எண்ணெய் விளையும் சீமையையும் இப்போது பார்த்தாகிவிட்டது. போர்னியோ தீவில் தங்கள் சபா மாநிலம், சண்டகான் நகரம். அங்கிருந்து சுக்காவ் கிராமத்துக்கு வேனில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மழைக்காடு பார்க்கக் கிளம்பிய எங்களுக்கு வழி நெடுக எண்ணெய்ப்பனைதான் தரிசனம் தந்தது. தங்கள் நாட்டுத் தமிழர்கள் செம்பனை என்பார்களே, அதே மரம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அலங்காரச் செடியாக வந்து, 1917-இல் சிலாங்கூரில் முதல் தோட்டமாகி, இன்று நாட்டையே தன் பெயரில் எழுதி வாங்கிக்கொண்ட மரம். மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர், பிசகில்லை. எங்கள் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை இப்படி நிற்கவைக்க எவ்வளவு பாடுபடுகிறார்கள்! பின்சீட்டில் இருந்த ஜெர்மன் அம்மாள், காடு எப்போது வரும், காடு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆற்றுக்குப் போனதும் வரும் என்றார் வழிகாட்டி.

வந்தது. 560 கிலோமீட்டர் ஓடும் கினபாத்தாங்கான், ராஜாங்குக்கு அடுத்தபடியாகத் தங்கள் நாட்டின் நீளமான ஆறு. காலை ஆறு மணிக்கு ஒரு சவாரி, மாலை நாலு மணிக்கு ஒரு சவாரி, விருப்பப்பட்டால் இருட்டிய பிறகு டார்ச் விளக்கோடு இன்னொன்று. பெரிய ஆற்றிலிருந்து மெனாங்குல் என்னும் கிளையாற்றுக்குள் படகைத் திருப்பி, இன்ஜினைத் தணித்தவுடன் ஆரம்பிக்கிறது காட்சி. தலைக்கு மேல் நீள்மூக்குக் குரங்குக் கூட்டம். அந்தப் பக்கம் இருவாச்சி ஒன்று ரயில் போகிற சத்தத்தோடு சிறகடித்துப் போகிறது. சேற்றில் உவர்நீர் முதலை, பட்ட மரத்தில் பாம்புத்தாரா, அத்தி மரத்தில் ஒராங்குட்டான் போட்டுவிட்டுப் போன கூடு. கூட்டுக்குச் சொந்தக்காரரும் பக்கத்து மரத்தில்தான் இருந்தார், எங்களைச் சட்டை செய்யாமல்.

இங்கே தங்கள் நிர்வாகத் திறமையை நான் பாராட்டியாக வேண்டும். மழைக்காட்டுக்குள் நடந்து போனவர்களைக் கேட்டுப்பாருங்கள். அட்டை கடிக்கும், சட்டை நனையும், சத்தம் கேட்கும், விலங்கு மட்டும் கண்ணில் படாது. அடர்ந்த காடு அப்படித்தான், எதையும் காட்டிக் கொடுக்காது. தங்கள் ஆற்றிலோ மெத்தை போட்ட படகில் உட்கார்ந்தபடி, கழுத்து வலிப்பது தவிர வேறு துன்பமில்லாமல், அத்தனையையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம். எப்படி முடிகிறது? படகோட்டி ஓர் இடத்தில் கரையோரமாக நிறுத்தி, மரங்களுக்கு நடுவே கையைக் காட்டினார். வெளிச்சம் தெரிந்தது. காட்டுக்குப் பின்னால் வெளிச்சம் தெரிந்தால் அங்கே காடு முடிந்துவிட்டது என்று பொருள். அதற்கப்பால் தங்கள் ஒன்பது மீட்டர் வரிசை.

அங்கிருந்த காட்டையெல்லாம் எடுத்துவிட்டீர்கள். அதில் இருந்ததெல்லாம் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் நின்றால் தமிழ்நாடு முழுவதையும் பார்த்துவிடலாம் என்பதைப் போலத்தான் இது. சுற்றுலாப் பயணிக்கு இதைவிட வசதி உண்டா? நீள்மூக்குக் குரங்குக்கு மட்டும் தங்களுக்கு நன்றி சொல்லத் தேவையில்லை. இரவு தங்க ஆற்றோர மரத்துக்கு வருவது அதன் குலவழக்கம். மற்றவற்றுக்கெல்லாம் நன்றி தங்களுக்கே.

நிலமும் காடும் சபா மாநில அரசின் பொறுப்பு, எண்ணெய் மட்டுமே எங்கள் பொறுப்பு என்று பதில் வரும். தெரியும். "இது எங்கள் துறையின் கீழ் வராது" என்ற வாக்கியத்தைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். மாநில அரசுக்கும் பங்கு பிரித்தே தருகிறேன். முதலில் பெருமரங்களை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டு, சண்டகான் வழியாகக் கப்பலேற்றினார்கள். மரம் தீர்ந்த இடத்தில் 1980-கள் தொடங்கிப் பனை வந்தது. எல்லாம் முடிகிற நேரத்தில், 1999-இல், கீழ்க் கினபாத்தாங்கானை 'பூமிக்கு ஒரு பரிசு' என்று சபா அரசு அறிவித்தது. பரிசைக் கட்டி முடிக்க ஆறு ஆண்டு பிடித்தது. 2005-இல் சுமார் 26,000 ஹெக்டேர் வனவிலங்குச் சரணாலயமாக அரசிதழில் ஏறியபோது அது ஒரே பொட்டலமாக இல்லை, பத்துப் பொட்டலமாக இருந்தது. பத்துக்கும் இடையிடையே தோட்டம், சாலை, கிராமம். யானைக்கு அரசிதழ் படிக்கத் தெரியாததால் ஒன்பதாம் பொட்டலத்துக்கும் பத்தாம் பொட்டலத்துக்கும் நடுவில் போகும்போது அது அத்துமீறலாகிவிடுகிறது.

சட்டமும் இல்லாமல் இல்லை. 1998-ஆம் ஆண்டின் சபா நீர்வளச் சட்டம், மூன்று மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளின் கரையில் 20 மீட்டர் நிலத்தைத் தொடாமல் விட வேண்டும் என்கிறது. வளர்ந்த ஆண் ஒராங்குட்டான் இரண்டு கையையும் விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல் வரும். பத்துப் பேர் கைகோத்து நின்றால் காடு முடிந்துவிடும். இதில் குடும்பம், பிள்ளைகுட்டி, பழம் பழுக்கும் மரம், சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் விலகி வாழ இடம் எல்லாம் அடங்க வேண்டும். அந்த 20 மீட்டரையும் காணாத கரைகளையும் பார்த்தேன். பனை மட்டை தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஒராங்குட்டானுக்கு நீந்தத் தெரியாது. முன்பெல்லாம் இரு கரை மரங்களும் கிளையாறுகளின் மேல் கைகோத்திருக்கும், அதன் மேலேயே கடந்து போய்விடும். அந்தப் பெருமரங்கள் ஜப்பானுக்குப் போய்விட்டதால், 'ஹூத்தான்' என்னும் அமைப்பினர் ஊர்க்காரர்களோடு சேர்ந்து, கழித்துப்போட்ட தீயணைப்புக் குழாய்களையும் கயிற்றையும் கொண்டு ஆற்றின் குறுக்கே தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். ஒராங்குட்டான்கள் அதைச் சில ஆண்டுகள் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுப் பிறகு ஏறின. (நாங்களும் யோக்கியர்கள் இல்லை. வால்பாறையில் தேயிலைக்காகக் காட்டைத் துண்டாடிவிட்டு, இப்போது புதுத்தோட்டத்தில் சோலைமந்திகள் சாலையைக் கடக்க இதேபோல் பாலம் கட்டித் தந்திருக்கிறோம்.) அழித்தவர் ஒருவர், கயிறு கட்டுகிறவர் இன்னொருவர் என்பது உலக வழக்கம்தானே.

யானை விஷயத்துக்கு வருகிறேன். குள்ள யானைக் கூட்டம் கரைக்கு வந்தால் வழிகாட்டிகளின் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கின்றன. கொஞ்ச நேரத்தில் படகெல்லாம் அங்கே கூடிவிடுகின்றன. நாங்கள் யானையைப் பார்த்தோம், யானை எங்களைப் பார்த்தது. ஏன் அது இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்கிறது என்று கேட்டேன். முன்னால் நீங்கள், பின்னால் தோட்டத்து மின்வேலி, எங்கே போகும் என்றார் படகோட்டி. உலகத்தில் இந்த யானைகள் மிச்சமிருப்பது ஏறத்தாழ ஆயிரம்தான் என்று 2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் கணக்குச் சொல்லி, அழியும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. 2013-இல் குனோங் ராரா வனத்தில் 14 யானைகள் செத்துக் கிடந்தபோது விஷம் என்றே சந்தேகித்தார்கள். தாயின் உடலைத் தட்டி எழுப்பப் பார்த்த குட்டியின் படம் உலகம் முழுக்க வந்தது. இதில் எனக்கு வேடிக்கை ஒன்றும் தோன்றவில்லை, மன்னிக்கவும்.

சுற்றுலா விளம்பரத் தாளில் ஒரு திருத்தம் தேவை. போர்னியோவின் காண்டாமிருகம் என்று இன்னமும் எங்காவது படம் போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். தாம் என்ற ஆண் சுமத்திரா காண்டாமிருகம் 2008-இல் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் அலைந்து திரிந்து பிடிபட்டது. 2019 மே மாதம் இறந்தது. அதே ஆண்டு நவம்பரில் இமான் என்ற பெண்ணும் போனது. மலேசியாவில் சுமத்திரா காண்டாமிருகக் கதை அதோடு சரி.

தங்கள் தரப்பு நியாயமும் எனக்குத் தெரியும். எண்ணெய்ப்பனை ஒரு ஹெக்டேரில் தரும் எண்ணெய்யைச் சோயா தர வேண்டுமானால் அதைப்போலப் பல மடங்கு நிலம் வேண்டும். இதைப் பொய் என்று சொல்ல முடியாது. பாமாயிலை நிறுத்திவிட்டால் வேறெங்கோ வேறொரு காடு போகும். மரத்தின் மேல் எனக்குக் கோபமே இல்லை. பக்கத்து நாடான இந்தோனேசியாவின் அதிபர் பிரபோவோ 2024 கடைசியில் சொன்ன விளக்கம்தான் கொஞ்சம் இடிக்கிறது. எண்ணெய்ப்பனையும் மரம்தானே, அதற்கும் இலை இருக்கிறதே, காட்டழிப்பு என்று ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டார். இலை இருக்கிறது, உண்மை. அந்த இலையில் ஒராங்குட்டான் தன் பிள்ளையை எட்டு வருஷம் வளர்க்க முடியுமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

இனி என் கோரிக்கை. 2024 மே மாதம் தங்கள் துறையின் அப்போதைய அமைச்சர், சீனா பாண்டா கொடுத்து நட்பு வளர்ப்பதுபோல, பாமாயில் வாங்கும் பெரிய நாடுகளுக்கு ஒராங்குட்டான் பரிசளிப்போம் என்றார். இந்தியாவின் பெயரும் அதில் இருந்தது. மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை இலவசமாக வாங்கிப் பழகிய மாநிலத்துக்காரன் நான். செய்தியைப் படித்தவுடன் டோக்கன் எப்போது தருவார்கள் என்றுதான் தோன்றியது. பிறகு கணக்குப் போட்டேன். தமிழ்நாட்டில் மட்டும் 2 கோடிக்கு மேல் குடும்ப அட்டைகள். சபா முழுவதிலும் உள்ள ஒராங்குட்டான்கள் சுமார் 11,000. பெண் ஏழெட்டு ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். கையிருப்பு போதாது, அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லிச் சமாளிக்கவும் வழியில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பூனைக்கே அனுமதி கிடையாது என்பது வேறு விஷயம்.

உலகம் சிரித்ததாலோ திட்டியதாலோ ஆகஸ்டில் திருத்தம் வந்தது. ஒராங்குட்டான் நாட்டை விட்டுப் போகாது, இறக்குமதி செய்யும் நிறுவனங்கள் விரும்பினால் அதன் பராமரிப்புக்குப் பணம் தரலாம். பாமாயில் வாங்கினால் ஒராங்குட்டான் இலவசம் என்று தொடங்கிய சலுகை, பாமாயிலையும் வாங்கு, ஒராங்குட்டானுக்கும் நீயே பணம் கட்டு என்று முடிந்தது. எங்கள் ஊர் ஆடித் தள்ளுபடிக்காரர்கள் தங்களிடம் பாடம் படிக்க வேண்டும்.

ஆகவே என் பங்கு ஒராங்குட்டானை அது இருக்கும் இடத்திலேயே விட்டு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இருக்க இடம்தான் வேண்டும். கினபாத்தாங்கான் வெள்ளச் சமவெளியில் தாழ்ந்த நிலங்களில் வருஷா வருஷம் தண்ணீர் ஏறிப் பனங்கன்று அழுகிச் சாகிறது. நட்டவருக்கே லாபம் இல்லாத அந்த நிலத்தைக் காட்டுக்குத் திருப்பிக் கொடுத்தால் பொட்டலங்கள் சில ஒன்றோடொன்று சேரும். செய்ய முடியாததைக் கேட்கவில்லை. சுக்காவில் ஆற்றின் குறுக்கே கட்டவிருந்த சாலைப் பாலத்தை, டேவிட் அட்டன்பரோ உட்படப் பலர் எதிர்த்ததால், 2017-இல் சபா அரசு கைவிட்டது. மனம் வைத்தால் முடிகிறது. நிலத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு விலங்குகள் உள்ளே போய்விடும், படகில் வருகிறவர்களுக்கு இத்தனை தெரியாது, ஜெர்மன் அம்மாள் புகார் எழுதுவார். அந்தப் புகாரை அவசியம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளன்.

நகல்: ஒன்றிய வேளாண் அமைச்சகம், புது தில்லி. 2021-இல் 11,040 கோடி ரூபாய் ஒதுக்கி, வடகிழக்கு மாநிலங்களையும் அந்தமானையும் சிறப்பாகக் குறிவைத்துத் தாங்கள் தொடங்கிய எண்ணெய்ப்பனை இயக்கத்தில் அடுத்த கன்றை நடுவதற்கு முன், பொறுப்பு அலுவலர்கள் சண்டகானிலிருந்து சுக்காவ் வரை ஒருமுறை வேனில் போய்வருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது. படகுச் சவாரி கட்டாயமில்லை. வேன் பயணமே போதும்.